டெல்டா வீட்டுக்குள் பிலோடென்ட்ரான்: வேர் முதல் குருத்து வரை

நெல் நாட்கணக்கில் தேங்கிய தண்ணீரில் நிற்கும். அதன் தண்டிலிருந்து வேர் வரை காற்று இறங்கும் குழல்கள் உள்ளே ஓடுவதால், சேற்றுக்குள்ளும் வேர் மூச்சு விடுகிறது. பிலோடென்ட்ரானுக்கு அந்த வசதி கிடையாது. மழைக்காட்டில் இது பெரும்பாலும் மரத்தைப் பற்றி ஏறும் கொடி. அதன் வேர்கள் பட்டை இடுக்கிலும் மக்கிய இலைக் குவியலிலும் காற்றோடு கலந்து கிடப்பவை. மழை நனைக்கும், ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்து வீடுகளில் இந்தச் செடி சாவதற்கு முதல் காரணம் இங்கேதான் இருக்கிறது. வயலையும் கொல்லையையும் பார்த்துப் பழகிய கை, செடி வாடினால் உடனே தண்ணீர் ஊற்றும். தொட்டியை நிரப்ப வாய்க்கால் ஓரத்து வண்டலை அள்ளி வரும். நெல்லுக்கும் வாழைக்கும் அது சரி. பிலோடென்ட்ரானுக்கு வேரில் காற்று இருந்தால் மற்றதெல்லாம் பின்னால் வரும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

சேம்பின் தூரத்து உறவு

பிலோடென்ட்ரான் சேம்பு, சேனை, கருணைக்கிழங்கு ஆகியவற்றின் குடும்பம். குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரைகூட (ஊதாப் பூ விடும் வெங்காயத்தாமரை அல்ல) அதே குடும்பந்தான். தாயகம் மட்டும் தொலைவு: மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரையுள்ள வெப்பமண்டலக் காடுகளும் கரீபியன் தீவுகளும். ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஷாட் 1829-ல் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார்; கிரேக்கச் சொற்களின்படி ‘மரத்தை நேசிப்பது’ என்று பொருள். சுமார் 500 இனங்கள் உண்டு. நர்சரியில் ‘சிலோன் கோல்டு’ என்று விற்கும் தங்கநிறச் செடியின் பெயரைப் பார்த்து இலங்கைச் செடி என்று நினைத்துவிட வேண்டாம்.

சேப்பங்கிழங்கை நறுக்கும்போது கை ஏன் அரிக்கிறது? ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் தோலில் குத்துவதால்தான். பிலோடென்ட்ரானின் இலை, தண்டு, சாறு எல்லாவற்றிலும் அவை இருக்கின்றன. கிழங்கை வேகவைத்துப் புளி சேர்த்துச் சாப்பிடுகிறோம். இதை எந்த விதத்திலும் உண்ணக்கூடாது. தவழும் குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள். கத்தரித்த கொடியைத் தெருவில் போட்டால் ஆடு மாடு வாய் வைக்கும், ஆகவே குப்பைக்குழியில் போட்டு மூடிவிடுங்கள். குழந்தை கடித்துவிட்டால் வாயைத் துடைத்துக் கொப்பளிக்க வைத்து, குளிர்ந்த பால் அல்லது தண்ணீர் கொடுங்கள். நாக்கு வீங்கினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மணி பிளான்ட்டையும் இதையும் குழப்பாதவர்கள் குறைவு. புதுக் குருத்தைப் பாருங்கள். பிலோடென்ட்ரானில் ஒவ்வொரு குருத்தும் மூங்கில் முளையைப் போல மெல்லிய உறைக்குள்ளிருந்து வெளிவரும். இலை விரிந்த பிறகு அந்த உறை காய்ந்து உதிரும். மணி பிளான்ட்டில் அந்தத் தனி உறை இல்லை, புது இலை முந்தைய இலையின் காம்பை ஒட்டிச் சுருண்டு வரும். அதன் காம்பின் மேல்பக்கம் வாய்க்கால் போலக் குழிந்தும் இருக்கும். காய்ந்த உறையைப் பார்த்து நோய் என்று பயந்து செடியைக் கலைப்பவர்கள் உண்டு. அதைச் சும்மா விடுங்கள்.

எதை வாங்குவது

முதல் செடியாக இதய வடிவ இலைக் கொடியை, அதாவது சாதாரணப் பச்சை ரகத்தை, வாங்குங்கள். தவறுகளைப் பொறுக்கும், விலையும் குறைவு. அதன் பச்சை மஞ்சள் கலந்த ‘பிரேசில்’ ரகமும் அதே குணம். ஏறாமல் ஒரே இடத்தில் கொத்தாக வளர்வது வேண்டுமென்றால் ‘இம்பீரியல் கிரீன்’ அல்லது வெள்ளைக் கோடு போட்ட ‘பிர்கின்’. சனாடு, செல்லோம் இரண்டும் 2018-ல் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன, ஆனால் வளர்ப்பு ஒன்றுதான். அகல இடம் கேட்பதால் தாழ்வாரத்துக்குப் பொருந்தும், அலமாரிக்குப் பொருந்தாது. பட்டு போன்ற இலையுள்ள ‘மைக்கன்ஸ்’ அழகானது. ஆனால் கோடைக் காற்றில் அதன் ஓரம் கருகுவது சீக்கிரம்.

‘பிங்க் காங்கோ’ விஷயத்தில் மட்டும் கவனம். அதன் இளஞ்சிவப்பு வேதிப்பொருளால் வரவழைத்தது, சில மாதங்களில் எல்லா இலையும் பச்சையாகிவிடும். ‘பிங்க் பிரின்சஸ்’ அப்படியல்ல, அதன் நிறம் இயல்பாகவே வருவது, விலை அதிகம்.

நர்சரியில் இலையை விடத் தொட்டியின் அடியைப் பாருங்கள். துளை வழியே தெரியும் வேர் வெள்ளையாகவோ இளம் பழுப்பாகவோ உறுதியாக இருக்க வேண்டும். கறுத்துக் கொழகொழத்து நாற்றமடித்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். இலையின் அடிப்பக்கம், காம்பு சேரும் இடுக்கு இரண்டிலும் பஞ்சுபோன்ற வெள்ளை இருக்கிறதா என்று தேடுங்கள். காம்பில் சிறு பிசுபிசுப்புத் துளிகள் இருந்து பூச்சி எதுவும் இல்லையென்றால் கவலையில்லை, அது செடியே சுரக்கும் தேன்.

வீட்டுக்கு வந்ததும் மற்றச் செடிகளிலிருந்து 2 வாரம் தள்ளி வையுங்கள். இடம் மாறிய அதிர்ச்சியில் ஓரிரு அடியிலைகள் மஞ்சளாகும், அதற்காக உடனே தொட்டி மாற்ற வேண்டாம். ஒரு விதிவிலக்கு: செம்மண்ணோ களிமண்ணோ இறுகிப் பிடித்த பையில் வந்திருந்தால், 10 நாள் கழித்து மாற்றியே ஆக வேண்டும்.

கலவை: இங்கே அவசரப்படாதீர்கள்

காவிரி வண்டல் சோறு போடும் மண். அதன் துகள்கள் மிக நுண்ணியவை என்பதால்தான் வயலில் தண்ணீர் நிற்கிறது, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிறது. தொட்டிக்குள்ளும் அதே வேலையைத்தான் செய்யும். ஆற்று மணலைக் கலந்தால் சரியாகும் என்ற நம்பிக்கையும் ஏமாற்றும்; களியின் நடுவே மணல் சிக்கிச் சாந்து போல இறுகிவிடும். ஒரு கைப்பிடி வண்டல்கூட வேண்டாம் என்பதே எங்கள் முடிவு.

நல்ல கலவைக்கான பொருள்கள் எல்லாம் டெல்டாவிலேயே கிடைக்கின்றன. 10 லிட்டர் கலவைக்கு (8 அங்குலத் தொட்டிகள் இரண்டுக்குப் போதும்) கணக்கு இது: தேங்காய் மட்டைத் துண்டு 4 லிட்டர், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 2 லிட்டர், உமிக்கரி 2 லிட்டர், மண்புழு உரம் ஒன்றரை லிட்டர், பட்டாணி அளவுக்கு உடைத்த அடுப்புக்கரி அரை லிட்டர். இதோடு வேப்பம் பிண்ணாக்குத் தூள் 50 கிராம். குளியலறை மக் ஒன்றைப் பெரும்பாலும் ஒரு லிட்டராக வைத்துக்கொள்ளலாம். இங்கே கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் குற்றமில்லை.

மட்டைத் துண்டு ஒன்று முதல் 2 செ.மீ. அளவில் இருக்கட்டும். தோப்பு உள்ளவர்கள் காய்ந்த மட்டையை அரிவாளால் நறுக்கிக்கொள்ளலாம். மட்டைக்கும் கோகோபீட்டுக்கும் ஒரு பொதுக் குறை உண்டு: உப்பு. கடலோரத் தென்னை, உவர்நீரில் ஊறிய மட்டை என்று வந்தால் அது இன்னும் அதிகம். எனவே நல்ல தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பிழியுங்கள். இப்படி மூன்று முறை. முதல் பிழிவு காபி நிறத்தில் வரும், மூன்றாவது வெளிறிய தேநீர் போல வந்தால் போதும். தண்ணீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால், பிழிந்த நீரின் எண் ஊற்றிய நீரின் எண்ணுக்குப் பக்கத்தில் வரும்வரை கழுவுங்கள். இரண்டாம் ஊறலில் 10 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி ஜிப்சம் போடுவது நல்லது. அதிலுள்ள கால்சியம், நாரில் ஒட்டியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கும். உவர் வயலுக்கு ஜிப்சம் போடுவதும் இதே கணக்கில்தான்.

உமிக்கரி என்பது அந்தக் காலத்தில் பல் துலக்கிய அதே கரி. உமிக் குவியலில் தீ மூட்டி, புரட்டிக்கொண்டே இருந்து, முழுவதும் கறுத்ததும் சாம்பலாவதற்கு முன் தண்ணீர் தெளித்து அணைக்க வேண்டும். அரிசி ஆலைக் கொதிகலனிலிருந்து வரும் வெளிர்ச் சாம்பல் இதற்கு மாற்றாகாது. காரத்தன்மை மிகுந்தது, மாவு போலப் படிந்து காற்றிடுக்கை அடைத்துவிடும். பச்சை உமியைப் போட்டால் அதில் கலந்திருக்கும் நெல் முளைத்து வரும், எலியும் வரும்.

கலவை சரியா என்று பார்க்க, செடி வைக்கும் முன் தொட்டியில் நிரப்பி ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். மேலே குளம் கட்டாமல் இறங்கி, சில நொடிகளில் அடியில் ஒழுகத் தொடங்க வேண்டும். தேங்கி நின்றால் மட்டைத் துண்டைக் கூட்டுங்கள்.

தொட்டியில் வைக்கும் முறை

தொட்டி, வேர்ப்பந்தை விட எல்லாப் பக்கமும் 2 விரல் அகலமாக இருந்தால் போதும். ‘பெரிதாக வளரட்டும்’ என்று பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத இடத்தில் ஈரம் நாள்கணக்கில் கிடந்து புளிக்கும். மண் தொட்டி விரைவில் காயும், கை தாராளமாகத் தண்ணீர் ஊற்றும் வீட்டுக்கு அதுவே காப்பு. கிணறோ போரோ உப்பாக இருந்தால் அதன் சுவரில் வெள்ளைப் படிவம் ஏறும். அங்கே பிளாஸ்டிக் தொட்டியே மேல்.

1. முந்தின நாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரமான வேர் வளையும், காய்ந்தது முறியும்.
2. தொட்டி அடியில் குறைந்தது 5 துளைகள், சுண்டுவிரல் பருமனில். துளைமேல் சல்லடைத் துணியோ பன்னாடைத் துண்டோ போதும். ஜல்லி அடுக்கு வேண்டாம். ஜல்லி போட்டால் தண்ணீர் அதற்கு மேலே, கலவையின் அடியில், வேர் இருக்கும் உயரத்தில்தான் நிற்கும்.
3. பழைய களிமண்ணை வாளித் தண்ணீரில் அலசிக் கரையுங்கள். பிய்த்து எடுக்காதீர்கள்.
4. கறுத்த வேரைச் சுத்தமான கத்தியால் நறுக்கி, செடி முன்பு இருந்த ஆழத்திலேயே வையுங்கள். கழுத்துப் பகுதியைப் புதைத்தால் அழுகும். தண்டிலிருந்து தொங்கும் விழுதுகளில் நீளமானவற்றைக் கலவைக்குள் திருப்பிவிடலாம்.
5. கலவையை அமுக்காமல் தொட்டியைத் தட்டி இறக்குங்கள். மேலே 2 செ.மீ. இடம் விடுங்கள்.
6. ஒரு முறை நன்றாகத் தண்ணீர் விட்டு, 10 நாள் நிழலில். உரம் ஒரு மாதத்துக்குக் கிடையாது.

வெளிச்சம்

பழைய ஓட்டு வீட்டின் முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரம் இந்தச் செடிக்கென்றே கட்டியது போலிருக்கும். மேலிருந்து வானத்தின் வெளிச்சம், நேர் வெயில் இல்லை, காற்றோட்டமும் உண்டு. மாடி வீட்டில் கிழக்கு ஜன்னலை ஒட்டியோ, தெற்கு ஜன்னலிலிருந்து 3, 4 அடி உள்ளேயோ வையுங்கள். காலை 8 மணி வரை விழும் இளவெயில் நல்லது. மேற்கு ஜன்னலின் 3 மணி வெயில் ஒரே நாளில் இலையில் வெளுத்த திட்டு போடும், அந்தத் திட்டு ஆறாது.

பகல் 12 மணிக்குச் செடி இருக்கும் இடத்தில் கையை ஓர் அடி உயரத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரம் மங்கிய நிழல் விழுந்தால் சரியான இடம். கூர்மையாக வெட்டியது போல விழுந்தால் வெயில் அதிகம். நிழலே தெரியாவிட்டால் செடி உயிரோடு இருக்கும், வளராது. கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, புது இலை முந்தையதை விடச் சிறியதாக வந்தால் அதுவும் வெளிச்சக் குறைவுதான். பிர்கினின் வெள்ளைக் கோடும் பிரேசிலின் மஞ்சளும் இருட்டில் மங்கும்.

மொட்டை மாடியில் வைப்பவர்கள் 75 சதவீத நிழல்வலை கட்டுங்கள். தளத்தின் மேல் நேரடியாகத் தொட்டியை வைக்காமல் 2 செங்கல் மேல் ஏற்றுங்கள். சித்திரையில் கான்கிரீட் தளம் இரவு வெகுநேரம் வரை சூட்டைக் கக்கும், வேர் வெந்துபோகும்.

வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்பது 1989-ல் வந்த நாசா ஆய்வை வைத்துத்தான். அது மூடிய சிறு அறைக்குள் செய்தது. ஜன்னல் திறந்த வீட்டில் ஒன்றிரண்டு தொட்டியால் அந்த அளவுக்கு எதுவும் நடக்காது. பச்சைக்காக வையுங்கள், அதுவே போதும்.

தண்ணீர்

நாள் குறித்து ஊற்றாதீர்கள். ஆள்காட்டி விரலை 2 கணு ஆழம் விடுங்கள். அங்கே உலர்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரம் ஒட்டினால் கையெடுத்துவிடுங்கள். தொட்டியைத் தூக்கிப் பார்த்துப் பழகினால் விரலும் தேவைப்படாது. நம் கலவையில் உள்ள 8 அங்குலத் தொட்டிக்கு, கத்திரி வெயிலில் 2, 3 நாளுக்கு ஒரு முறையும், ஐப்பசி அடைமழையில் 8 முதல் 10 நாளுக்கு ஒரு முறையும் வரும். இந்த வித்தியாசத்தை ஏற்காமல் வருடம் முழுவதும் ஒரே மாதிரி ஊற்றுவதால்தான் கார்த்திகையில் செடி போகிறது.

ஊற்றினால் அடியில் ஒழுகும்வரை முழுதாக ஊற்றுங்கள். தினம் அரை டம்ளர் தெளிப்பது மேலே மட்டும் நனைத்து, உப்பை உள்ளே சேர்த்துவைக்கும். 20 நிமிடம் கழித்து அடித்தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். கோடையில் மாடித் தண்ணீர் டேங்கின் மதியத் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் வரும். காலை 7 மணிக்குள் பிடித்த தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீரில் கடலின் உப்பு ஏறியிருக்கிறது. உள்நாட்டிலும் பல போர்களில் கடின நீர்தான். டி.டி.எஸ். 300-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 300 முதல் 700 வரை என்றால் 2 மாதத்துக்கு ஒரு முறை தொட்டியைக் கழுவ வேண்டும்: தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு மழைநீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். 1000-ஐத் தாண்டினால் அந்த நீரை இந்தச் செடிக்கு விடவே வேண்டாம். காய்ச்சினால் உப்பு குறையாது, நீர் வற்றுவதால் கூடும். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரில் உப்பு செறிந்திருக்கும், அதுவும் ஆகாது. ஏ.சி. வடிநீர் நல்லது, ஆனால் அதில் சத்து எதுவும் இல்லாததால் உரத்தைத் தவறவிடக்கூடாது. வடகிழக்குப் பருவமழையில் ஒரு 200 லிட்டர் டிரம்மை நிரப்பி, கொசு புகாதபடி துணி கட்டி மூடிவைத்தால், நாலைந்து தொட்டி உள்ள வீட்டுக்குப் பங்குனி வரை வரும்.

அரிசி கழுவிய கழுநீரை மாட்டுக்கே வையுங்கள். தொட்டியில் அதன் மாவு புளித்துக் கொசுபோன்ற சிறு ஈக்களை வரவழைக்கும். பில்டரில் மிஞ்சும் காபித்தூளும் மேலே ஏடாகப் படிந்து பூசணம் பிடிக்கும்; மக்கும் குழிக்குத்தான் அது.

இலைமேல் தண்ணீர் தெளித்தால் ஈரப்பதம் கூடும் என்பது சில நிமிடக் கதை. செடிகளைக் கூட்டமாக வைப்பது அதைவிடப் பலன் தரும். ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடத்தைத் தவிருங்கள். வாரம் ஒரு முறை ஈரத்துணியால் இலையின் இரு பக்கமும் துடையுங்கள். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவினால் தூசி ஒட்டி இலைத்துளை அடையும்.

பன்னாடைக் கம்பம்

கொடி ரகங்கள் தொங்கினாலும் வாழும். ஆனால் ஏறினால்தான் இலை பெரிதாகும். கடையில் விற்கும் கம்பங்களில் மரத்துண்டின் மேல் ஒரு சுற்றுக் கயிறு மட்டுமே இருக்கும், விழுது பிடிக்க ஈரமே தங்காது. வீட்டில் செய்வது இதைவிட நல்லது.

ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாய் இரண்டரை அடி எடுத்து, 5 செ.மீ. இடைவெளியில் சுற்றிலும் துளையிடுங்கள். அடியிலிருந்து 3 அங்குலத்தில் ஒரு குச்சியைக் குறுக்கே செருகினால் தொட்டிக்குள் கம்பம் திரும்பாது. ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் நாரை 2 விரல் தடிமனுக்குச் சுற்றி, அதன்மேல் தென்னை மரத்துப் பன்னாடையை இரண்டடுக்காகப் போர்த்தி, நைலான் நூலால் இறுக்குங்கள். செடி வைக்கும்போதே கம்பத்தையும் நடுங்கள். பிறகு குத்தினால் வேர் கிழியும்.

தண்டைக் கணுவுக்குக் கீழே வாழை நாரால் தளர்வாகக் கட்டுங்கள், இலைக்காம்பைக் கட்டாதீர்கள். நார் நனைந்து இற்றுப்போவதற்குள் விழுது பன்னாடையைப் பிடித்துவிடும், அவிழ்க்கும் வேலையே இல்லை. தண்ணீர் விடும் ஒவ்வொரு முறையும் குழாயின் தலைவழியாக ஒரு டம்ளர் ஊற்றினால் கம்பம் ஈரமாக இருக்கும்.

உரம்

வயலுக்கு வாங்கிய யூரியா மூட்டை வீட்டில் இருப்பதே இங்கே ஆபத்து. அதில் 46 சதவீதம் தழைச்சத்து. ஒரு கரண்டி போட்டால் தொட்டியின் வேர் முழுவதும் கருகும். டி.ஏ.பி.யும் அப்படித்தான். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம், 15 நாளுக்கு ஒரு முறை, ஈரமான கலவையில் ஊற்றுங்கள். இயற்கை வழி விரும்புபவர்கள் 2 மாதத்துக்கு ஒரு முறை, தொட்டிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் மேலே தூவலாம். 3 சதவீதப் பஞ்சகவ்யம் தாழ்வாரத்துச் செடிக்குச் சரி, வீட்டுக்குள் நாற்றம் தாங்காது. அக்கினி நட்சத்திரத்திலும் அடைமழையிலும் எந்த உரமும் வேண்டாம்.

புது இலை வெளிர் மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் வந்தால் கடின நீரால் வந்த இரும்புக் குறை. தொட்டியைக் கழுவி, செலேட் இரும்பை (செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவிலான இரும்புச்சத்து) அட்டையிலுள்ள அளவில் இலைமேல் தெளியுங்கள். பழைய இலையில் அதே மாதிரி என்றால் மக்னீசியம் குறை. மக்னீசியம் சல்பேட் லிட்டருக்கு 2 கிராம் ஊற்றினால் தீரும்.

என்ன கெடுகிறது, ஏன்

அடியிலை ஒன்று எப்போதாவது மஞ்சளானால் அது வயது. ஒரே வாரத்தில் மூன்று நான்கு மஞ்சளானால் வேரைப் பாருங்கள். நுனி மட்டும் பழுப்பாகிக் காய்ந்தால் உப்பு அல்லது வறண்ட காற்று. காலையில் இலைநுனியில் நீர்த்துளி நின்றால் நோயில்லை, இரவு ஏறிய ஈரத்தைச் செடி வெளியேற்றுகிறது. தினமும் நின்றால் தண்ணீரைக் கொஞ்சம் குறைக்கலாம்.

செடி வாடியிருக்கிறது, கலவையோ ஈரமாக இருக்கிறது. இதுதான் வேரழுகல். வேர் செத்ததால் தண்ணீர் இருந்தும் குடிக்க முடியவில்லை. இந்த நேரத்தில் ஊற்றும் ஒரு சொம்பு செடியை முடித்துவிடும். செடியை எடுத்து வேரை அலசுங்கள். விரலால் இழுத்தால் தோல் உருவி நூல் மட்டும் மிஞ்சும் வேர் செத்தது. உறுதியான இடம் வரும்வரை வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே கத்தியை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். நிழலில் 2 மணி நேரம் ஆறவிட்டு, முன்பைவிடச் சிறிய தொட்டியில், புதுக் கலவையில் ஒரு தேக்கரண்டி டிரைகோடெர்மா விரிடி (நன்மை செய்யும் பூஞ்சை) கலந்து வையுங்கள். கலவையின் லேசான ஈரமே போதும், முதல் தண்ணீர் 2 நாள் கழித்து. டிரைகோடெர்மா போட்ட தொட்டியில் பூஞ்சைக்கொல்லி ஊற்றினால் இரண்டும் வீண். வேர் முழுவதும் போயிருந்தால் நல்ல தண்டை வெட்டிப் பதியம் போடுவதே வழி.

இலையில் நீர் கோத்த கரும்புள்ளி, விரைவாகப் பரவி, அழுகிய நாற்றம் என்றால் பாக்டீரியா. அந்த இலையை அடியோடு நீக்கி எரியுங்கள், இலை நனைய ஊற்றுவதை நிறுத்துங்கள், செடிகளை இடைவெளி விட்டு வையுங்கள். மருந்தை விடக் காற்றோட்டம் இங்கே பெரிய சிகிச்சை.

மாவுப்பூச்சிதான் முதல் எதிரி. எறும்பு ஏறும் செடியில் அது பெரும்பாலும் இருக்கும், ஏனென்றால் அதன் இனிப்புக் கழிவுக்காக எறும்பே அதைப் பாதுகாக்கிறது. கொஞ்சமாக இருந்தால் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் தொட்டுத் தொட்டு எடுங்கள். பரவியிருந்தால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 2 மி.லி. பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, பிறகு 5 மி.லி. வேப்பெண்ணெய் விட்டு நன்றாகக் குலுக்கி, மாலையில் இலையடி நனையத் தெளியுங்கள். வாரம் ஒரு முறையாக மூன்று முறை. முட்டையிலிருந்து வரும் புதுக் குஞ்சுகளைப் பிடிக்கத்தான் மூன்று முறை. ஒன்றோடு நிறுத்தினால் திரும்ப வரும். ஆடிக் காற்றில் வரும் சிலந்திப்பேனை இலையடியின் மெல்லிய வலையும் மேலே ஊசிமுனைப் புள்ளிகளும் காட்டிக்கொடுக்கும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி இலையைக் கழுவி, பிறகு அதே வேப்பெண்ணெய். தொட்டியைச் சுற்றிப் பறக்கும் சிறு ஈக்களுக்கு மருந்து தேட வேண்டாம், மேல் 3 செ.மீ. காயவிட்டால் அவற்றின் புழு செத்துப்போகும்.

பதியம்

கணு இல்லாத இலை தண்ணீரில் வேர் விட்டாலும் செடியாகாது. தண்டில் 2 கணு, ஓர் இலை இருக்கும்படி, கீழ்க்கணுவுக்கு ஒரு செ.மீ. கீழே வெட்டுங்கள். கீழ்க்கணு மட்டும் மூழ்கும்படி கண்ணாடிக் குப்பியில் வைத்து, 3 நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். 2 முதல் 4 வாரத்தில் வேர் வரும். 5 செ.மீ. ஆனதும் கலவைக்கு மாற்றுங்கள். அதிக நாள் தண்ணீரிலேயே விட்டால் அந்த வேர் கலவைக்குப் பழகத் திணறும். தாய்த் தொட்டியிலேயே வெட்டிய துண்டுகளை நட்டால் கொடி அடர்த்தியாகும். பிர்கினில் வெள்ளை போய் முழுப் பச்சை இலைகளே வரத் தொடங்கினால், கோடு தெளிவாக இருந்த கடைசி இலைக்கு மேலே வெட்டிவிடுங்கள்.

மாதம் பார்த்து

குளிர்காலப் பராமரிப்பு என்று வெளிநாட்டுக் குறிப்புகள் பக்கம் பக்கமாகச் சொல்வது நமக்குத் தேவையில்லை. மார்கழி இரவில் இங்கே 20 டிகிரியை ஒட்டித்தான் இறங்கும், செடிக்கு அது சுகம். நம் ஆபத்து மாதங்கள் வேறு.

சித்திரை, வைகாசியில் தொட்டி மாற்றவோ வெட்டவோ கூடாது. ஜன்னலிலிருந்து ஓரடி உள்ளே தள்ளி, காலைத் தண்ணீரை மட்டும் கவனியுங்கள். ஆனி, ஆடியில் மேலைக்காற்று வறட்சியோடு அடிக்கும், குருத்து விரியும்போதே கிழியும். மேற்குப் பக்கத்துக் கதவுக்கு நேரே வைக்காதீர்கள். ஆடிப்பட்டம் தேடி விதைப்பது வயலுக்கு; இதற்கு ஆவணி, புரட்டாசிதான் பட்டம். மாலை மழையும் வெதுவெதுப்பும் சேரும் அந்த நாள்களில் தொட்டி மாற்றுவது, பதியம், உரம் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வெளிச்சம் குறையும், காற்றில் ஈரம் தங்கும். ஜன்னலுக்கு நெருக்கமாக நகர்த்தி, தண்ணீர் ஊற்றும் தடவைகளைப் பாதியாகக் குறையுங்கள். முற்றத்தில் இருக்கும் தொட்டிகளைத் தூவானம் எட்டாத சுவரோரம் ஒதுக்குங்கள். இரவில் டார்ச் அடித்து நத்தையைப் பொறுக்குங்கள், ஒரே ராத்திரியில் குருத்தைத் தின்றுவிடும். 2018 நவம்பர் 16-ல் கஜா கரையேறிய பகுதி இது; புயல் எச்சரிக்கை வந்ததும் தொங்கும் தொட்டிகளை இறக்கி, கம்பம் வைத்த செடிகளை அறைக்குள் தரையில் சாய்த்துப் படுக்க வையுங்கள். மூன்று நாள் இருட்டறையில் கிடந்தாலும் செடிக்கு ஒன்றும் ஆகாது.

தை பிறந்ததும் அடித்தட்டு, தொட்டிச் சுவர், கம்பம் ஆகியவற்றைத் துடைத்து, மழையில் கறுத்த இலைகளை நீக்குங்கள். பொங்கலுக்கு 10 நாள் ஊருக்குப் போவதாக இருந்தால், கிளம்பும் முன் ஒரு முறை முழுதாக ஊற்றி, ஜன்னலிலிருந்து நாலடி தள்ளி வைத்தால் போதும். பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுத்துத் தினம் ஊற்றச் சொல்லாதீர்கள். மாசியில் வெளிச்சம் திரும்பும், 19:19:19-ஐ மறுபடி தொடங்கலாம், புரட்டாசியில் விட்டுப்போன தொட்டி மாற்றத்தையும் பங்குனி வெயில் ஏறுவதற்குள் செய்துவிடலாம்.